நரி ஊளை அடங்கிய பெட்டி

முதல் பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூங்கிலில் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுத்தால்தான் நகரும். உள்ளே பேட்டரி, வால்வு, கம்பிச் சுருள் எல்லாம் எட்டி எட்டி உட்கார்ந்திருக்கும், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் கல்யாணப் பந்தலில் உட்காருகிற மாதிரி. அதை ஒரே ஆள் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற அளவுக்குச் சுருக்கியவர்கள் நானும் என் வீட்டுக்காரரும். நான் என்று முதலில் போட்டுக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். இதை எழுதவே பல நாள் ஆகிறது. ஆனால் செய்ததைச் செய்தேன் என்று சொல்ல என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது?

அது யுத்த காலம். ஆகாய விமானம் வருகிறதா என்று மலை முகட்டில் ஆள் வைத்துப் பார்த்த காலம். இன்றைக்கு அதற்கு ராடார் என்கிறார்கள். அனுப்பிய அலையே விமானத்தில் பட்டுத் திரும்பி வந்து, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுமாம். அதைச் செய்கிறவர்களுக்கும் இரண்டே தலைவலிதான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்: சத்தத்தைக் குறைக்க வேண்டும், பெட்டியைச் சுருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தலைவலி எங்கள் வீட்டுக்குள் வந்து பாய் போட்டுப் படுத்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. அப்போது எங்கள் பக்கத்தில் விமானத்தைப் பார்ப்பது மனுசனுடைய கண்தான். பார்த்ததைக் கீழே சொல்லத்தான் பெட்டி வேண்டும், பேசவும் கேட்கவும் ஆன கம்பியில்லாப் பெட்டி.

என் வீட்டுக்காரர் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பண்ணையக்காரர் வீட்டில் கடைசிப் பிள்ளை. மண்வெட்டி பிடிக்கச் சொன்னால் கிராமபோனைக் கழற்றுவார். கல்யாணம் ஆன பிறகு சேலத்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தார். அங்கே ஒரு நாள் ராணுவத்துக்குச் சாமான் பார்க்கிற அதிகாரி ஒருவர் தன் ரேடியோவைக் கொண்டுவந்தார். இவர் கை வேலையைப் பார்த்துவிட்டு, மலைக்கும் தரைக்கும் பேசுகிற மாதிரி இரண்டு பெட்டி செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். ஒரு ஆள் சுமக்க வேண்டும், சொல்கிற எண் தப்பில்லாமல் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. சரியாக இருந்தால் மேலும் செய்யச் சொல்வார்கள். அலையை அனுப்பிப் பார்க்கச் சோதனைக்கு மட்டும் என்று ஒரு அனுமதிச் சீட்டும் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் மஞ்சள் துணியில் சுற்றித் துணிப்பெட்டியின் அடியில் வைத்திருந்தேன்.

இதெல்லாம் அவருடைய அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. குறை சொல்ல மாட்டேன், அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மூன்று கிணற்றுக் காடு, அத்தனை நிலத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் வைத்துச் சொல்லிவிட்டார்: தைப் பொங்கலுக்குள் அந்த அதிகாரி சரி என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தம்பி கடையை மூடிவிட்டு ஊருக்கு வந்து பண்ணையம் பார்க்க வேண்டும். இவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அண்ணனிடம் கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் இல்லை அவர்.

அந்த அண்ணன் ஒரு முறை வந்து பெட்டியைப் பார்த்தார். இவர் ஆசையாகத் திருகித் திருகிக் காட்டினார். உள்ளேயிருந்து உஸ் என்று சத்தம் தவிர வேறொன்றும் வரவில்லை.

"ஏண்டா, பொட்டிக்குள்ள நல்ல மழை பேயறாப்பல இருக்குது. நம்ம காட்டுல ஒரு சொட்டக் காணோம். அந்த மழையச் சித்தே இக்கட்டத் திருப்பி உடு பாக்கலாம்" என்றார்.

இவர் சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரருடைய அண்ணன் இருக்கிற இடத்தில் தம்பி பெண்டாட்டியின் குரல் கேட்கக் கூடாது. தண்ணீர் கொண்டுவந்தால் சொம்பை விரலால் ஒரு தட்டுத் தட்டுவேன், இவர் வந்து வாங்கிப் போவார். கல்யாணம் ஆகிப் பத்து வருசத்தில் அந்த மனுசர் என் குரலைக் கேட்டதில்லை.

நான் இந்த வேலைக்குள் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது ஆட்டையாம்பட்டி. பக்கத்து வீடு தறி வீடு. சின்ன வயதில் எந்நேரமும் அங்கேதான் கிடப்பேன். ராட்டையில் தார் சுற்றுவதில், அதாவது ஊடைக்கு நூல் சுற்றுவதில், அந்த வீட்டுப் பெண்களே என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். பண்ணையக்காரர் வீட்டுப் பிள்ளை தார் சுற்றுவதா என்று என் அம்மா வைவாள். வையட்டும். அந்தக் கைதான் பின்னால் உதவியது. யுத்தத்தில் சுருள் கம்பி கடையில் கிடைக்கவில்லை. எரிந்துபோன மின்விசிறிகளை வாங்கி, அதிலிருந்து பருத்தி நூல் சுற்றிய செப்புக் கம்பியைப் பிரித்து எடுப்போம். பிரித்த கம்பி கோணல்மாணலாக இருக்கும். அதை இவர் சுற்றினால் நடுவில் தொப்பை போட்டுக்கொள்ளும். நான் சுற்றினால் தார் மாதிரி நிற்கும். பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைப்பேன். நூற்றுப் பத்து என்றால் நூற்றுப் பத்துதான், ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

சுற்றச் சுற்ற, சத்தமும் எனக்குப் பழகியது. காதில் மாட்டிக் கேட்கிற குழாயைக் கொடுத்துவிட்டு, என்ன கேட்கிறது என்று கேட்பார். எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இருக்கிறது என்பேன். ஸ்டவ் எரிகிற மாதிரி இருக்கிறது என்பேன். நரி ஊளையிடுகிறது என்பேன். முதலில் கேலி செய்தார். பிறகு அவரே அப்படிச் சொல்ல ஆரம்பித்தார். கடுகு என்றால் எங்கோ ஈயம் வைத்த ஒட்டு விட்டிருக்கிறது, அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது. ஸ்டவ் என்றால் வால்வு தானே விடுகிற மூச்சு. அதைக் குறைக்கலாம், ஒரேயடியாக நிறுத்த முடியாது. நரி என்றால் ஒரு சுருளில் போகிற அலை பக்கத்துச் சுருளில் ஏறித் திரும்பவும் முதல் சுருளுக்கே வந்து சுற்றிச் சுற்றிக் கத்துவது.

இன்னொரு சத்தம் சேலத்துச் சத்தம். மில்லும் மோட்டாரும் கரண்டு விளக்கும் ஓடுகிற ஊரில் எந்த நேரமும் காதுக்குள் வண்டு. அதற்கு எத்தனையோ வைத்தியம் பார்த்தார். கடைசியில் நான்தான், வண்டு இல்லாத இடத்துக்குப் போய்விடலாமே என்றேன். கடையை அப்படியே வைத்துக்கொண்டு, பெட்டி வேலையை மட்டும் அயோத்தியாப்பட்டணத்துக்கு மாற்றினோம். ஆத்தூர் ரோட்டின் மேல் ஒரு ஓட்டு வீடு. அங்கே அப்போது கரண்டு வரவில்லை. முதல் நாள் காதுக் குழாயை மாட்டிக்கொண்டவர், கழற்றாமல் உட்கார்ந்தே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் காட்டிக் கம்முனு இரு என்றார்.

வண்டு போனது. நரி போகவில்லை. பெட்டியைச் சுருக்கச் சுருக்கச் சுருள்கள் நெருங்கி வந்தன, நெருங்க நெருங்க ஊளை. எட்டி வைத்தால் அடங்கிவிடும், ஆனால் பழையபடி மூங்கிலும் இரண்டு ஆளும். நடுவில் தகடு வைத்து மறைக்கலாம் என்றார், நல்ல செப்புத் தகடு எங்கும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. கார்த்திகை பாதி ஓடிவிட்டது.

ஒரு நாள், புதிதாகச் சுற்றிய சுருளை நான் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இவர் ஒட்டு வைக்கிறார். பெட்டி கத்திக்கொண்டிருக்கிறது. அவருடைய கைக்கு இடம் விட வேண்டும் என்று சுருளை அப்படியே படுக்கவைத்தேன். மற்றது நின்றது, என்னுடையது படுத்தது. நரி நின்றுவிட்டது. இவர் ஒட்டு விட்டுப்போனது என்று நினைத்து, என்ன செஞ்சே என்று அதட்டினார். நிமிர்த்தினேன், கத்தியது. படுக்கவைத்தேன், அடங்கியது. மூன்று தடவை செய்து காட்டினேன். ஒன்று தெற்கு வடக்கு என்றால் மற்றது கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், அப்படி இருந்தால் ஒட்டி உட்கார்ந்தாலும் ஒன்றின் சங்கதி மற்றதன் காதில் விழாது. பெரிய தொழிற்சாலைக்காரர்களுக்கு இது முன்னமே தெரிந்ததுதான் என்று அந்த அதிகாரி பிறகு சொன்னார். இருக்கட்டும். எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நாங்களாகக் கண்டோம்.

பெட்டி பாதிக்குப் பாதியாகச் சுருங்கியது. தோளில் மாட்ட வார் வைத்துத் தைத்தோம். அதிகாரி வந்து பார்த்துச் சுருளைத் தொட்டு, மரம் மாதிரி விறைப்பாக இருக்கிறதே, யார் சுற்றியது என்று கேட்டார். இவர் பெருமையாக, என் சம்சாரம் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில்தான் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மார்கழியில் ஒரு பெட்டியை ஏற்காட்டு மலை மேல் கொண்டுபோனார்கள். இங்கே வீட்டில் மணி மாதிரி பேசிய பெட்டி, அங்கே மூடுபனிக்குள் போய் அரை மணியில் கடுகு பொரிய ஆரம்பித்துவிட்டது. பிறகு வைத்த இடத்தில் நிற்காமல் அலை நழுவியது. பிறகு ஒன்றுமே இல்லை. அதிகாரி நல்ல மனுசர். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை வருவேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து என்றால் பொங்கலுக்கு முந்தின வாரம்.

இவர் சோறு தண்ணீர் இல்லாமல் வால்வை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், ஒவ்வொரு ஒட்டையும் பிரித்து வைத்தார். நான் அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து முற்றத்து வெயிலில் வைத்தேன். எதற்கும் காயட்டும் என்றுதான். சாயங்காலம் போட்டுப் பார்த்தால் பழையபடி மணி மாதிரி பேசுகிறது. இவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

தறி வீட்டில் பாவு, அதாவது நெடுக்கு நூல், விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி போடுவார்கள். மழை நாளில் கஞ்சி போட்ட பாவு ஈரத்தைக் குடித்துவிட்டுப் பிசுபிசுக்கும், வெயில் வரும் வரை தறியில் கை வைக்க முடியாது. சின்ன வயதில் இருந்து நான் பார்த்தது. பெட்டி சின்னதாக ஆனபோது, சுருளுக்கு உள்ளே கட்டை வைக்க இடமில்லை, அது தானாக விறைத்து நிற்க வேண்டும். நான் யாரிடமும் கேட்கவில்லை. சுற்றி முடித்ததும் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்தேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். புதிதாகச் சுற்றி வைத்துவிட்டு, ஏதோ சரியாகிவிட்டது என்று இருந்திருக்கலாம். ஆனால் அவர் வால்வைத் திரும்பவும் கழற்றப் போனார். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஏனுங்க, அதக் கழட்டாதீங்க. சுருளுக்கு நான் கஞ்சி போட்டிருக்கறனுங்க."

"என்ன போட்ட?"

"கஞ்சிங்க. அரிசிக் கஞ்சி. பாவுக்குப் போடுவாங்கல்ல, அதாட்டம்."

"எத்தன சுருளுக்கு?"

"எட்டுக்குமுங்க."

திருப்புளியைக் கீழே வைத்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நின்றேன்.

"ஏ அம்மிணி, பொட்டிக்குச் சோறு ஊட்டியிருக்கற. அதான் பனியக் கண்டதும் தண்ணி கேட்டிருக்குது" என்றார். பிறகு, "இனி என்ன பண்ணறது, அதயும் நீயே சொல்லு."

அவர் கேட்டதே எனக்குப் போதும். அயோத்தியாப்பட்டணத்துச் சந்தைக்கு மலைக்காரர்கள் தேன் கொண்டுவருவார்கள். அவர்களிடம் மெழுகும் இருக்கும். போய் இரண்டு உருண்டை வாங்கினேன். எட்டுச் சுருளையும் பிரித்து, கம்பியை வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்தேன். நான்கு நாள் வெயிலில் காயவைத்தேன். இவருக்குப் பொறுக்கவில்லை, இரண்டு நாள் போதாதா என்று நடையாய் நடந்தார். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் மெழுகு அதை உள்ளேயே பூட்டி வைத்துவிடும், பொறுங்கள் என்றேன். பிறகு புதிதாகச் சுற்றினேன். மெழுகை நேராக அடுப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும். அண்டாவில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சட்டி, சட்டிக்குள் மெழுகு. சுருளை அதில் விட்டதும் குமிழி குமிழியாகக் கிளம்பும். கடைசிக் குமிழி நிற்கும் வரை எடுக்கக் கூடாது. எடுத்து ஆறவைத்தால், கஞ்சி போட்டதைவிட விறைப்பு. தண்ணீர் தெளித்தால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது.

ஆனால் மலைப் பனிக்குத் தாங்குமா என்று இங்கே எப்படித் தெரியும்? அடுப்படிக் கதவைச் சாத்தினேன். பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் பெட்டியை மேலே உத்தரத்தில் தொங்கவிட்டேன். அறை முழுக்க ஆவி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பானை ஒரு தடவை வற்றி, திரும்பவும் ஊற்றினேன். காதுக் குழாயில் ஸ்டவ் மட்டும் மெல்ல எரிந்துகொண்டிருந்தது. ஒரு கடுகு பொரியவில்லை.

அந்தக் கடைசி நாள் வந்தது. இவர் ஒரு பெட்டியைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு அதிகாரியோடு மலைக்குப் போய்விட்டார். கீழே உள்ள பெட்டிக்கு நான். வேறு ஆள் கிடையாது. பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். எனக்கு எல்லாம் தெரியும், தனியாகத்தான் இருப்பேன் என்று தைரியமாக இருந்தேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால், அவருடைய அண்ணன் வண்டியை விட்டு இறங்குகிறார். கெடு முடிகிறதல்லவா, என்ன ஆயிற்று என்று பார்க்க வந்துவிட்டார். நேராக வந்து பெட்டிக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

நான் சொம்பைத் தட்டினேன். எடுத்துப்போக ஆள் இல்லை. அவரே எழுந்து வந்து எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்தார். வெளியே போவார் என்று பார்த்தேன். போகவில்லை. மலையைப் பார்த்தேன். முகடே தெரியவில்லை, பஞ்சுப் பொதி மாதிரி பனி உட்கார்ந்திருந்தது.

பெட்டி பேசியது. "கேக்குதா? கேக்குதா?" என்று இவர் குரல். அண்ணன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். திரும்பவும் "கேக்குதா?" என்றது. பதில் போகாவிட்டால் அதிகாரி என்ன நினைப்பார்? பெட்டி செத்துவிட்டது என்றுதானே எழுதுவார். மூன்றாவது தடவை அவர் கூப்பிட்ட குரலில் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் அத்தனை தெளிவாகக் கேட்டது. தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய், அந்த மனுசருக்கு முன்னாலேயே மணை போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன்.

"கேக்குதுங்க. எதுக்குங்க இப்படிக் கத்தறீங்க? பக்கத்தூட்ல இருந்து பேசறாப்பலக் கேக்குது. மெதுவாப் பேசுங்க."

பொத்தானை விட்டேன். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இவருடையது இல்லை, அதிகாரியுடையது. அவர் பேசுகிற குழாயை வாங்கி, வேண்டுமென்றே வாய்க்குள் பேசுகிற மாதிரி எண்களைச் சொன்னார். ஒன்று விடாமல் நான் திருப்பிச் சொன்னேன். எழுத்துதான் எனக்குத் தடுமாறும், எண் தடுமாறாது. பின்னாலிருந்து சொல்லச் சொன்னார், அதையும் சொன்னேன். மூக்குக்கு முன்னால் கை நீட்டினால் கை தெரியாத பனி, இரண்டு மணி நேரமாகப் பெட்டி திறந்தே கிடக்கிறது என்றார். பிறகு, போதும் அம்மா, இது தேறிவிட்டது, இன்னும் இருபது பெட்டி வேண்டும் என்றார்.

அந்த இருபதையும் செய்து கொடுத்தோம், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கு அடுத்த நிமிசம்தான்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தே கேட்டார்.

"அவங்கிட்ட நான் ஒரு வார்த்த பேசோணும் சாமி. எத அமுத்தறது?"

பொத்தானைக் காட்டினேன். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு ஏறிய விரலால், முட்டையைத் தொடுகிற மாதிரி அதை அமுக்கினார்.

"டேய், உன்ற பங்குக் காட்டையும் நானே பாத்துக்கறேன். ஆள் போட்டுக்கலாம். நீ இந்தப் பொட்டி வேலயவே பாரு. பொங்கலுக்கு மட்டும் ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்து சேருங்க."

விரலை எடுத்தார். பதில் வரவில்லை. ஏதாவது கெட்டுவிட்டதா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கெடவில்லை என்று தலையாட்டிவிட்டுக் காதுக் குழாயை எடுத்து அழுத்தி வைத்துக் கேட்டேன். மேலே இவர் பொத்தானை அமுக்கிக்கொண்டு பேச வராமல் நிற்கிறார். மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார், ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். அத்தனை பனிக்கு நடுவில், மலை உச்சியிலிருந்து அது எனக்குக் கேட்டது.